நின்ற காரில் சார்ஜ் எங்கே போகிறது?

மின்சாரக் கார் வாங்கிய முதல் மாதத்தில் அநேகமாக எல்லாரும் கேட்கும் கேள்வி இது: "ராத்திரி 78 இல விட்டனான், விடிய 76 காட்டுது. ஆர் எடுத்தது?"

வேறு ஆரும் எடுக்கவில்லை, கார்தான் எடுத்தது. பெற்றோல் கார் பூட்டியதும் ஏறக்குறைய முழுதாக அடங்கிவிடும். மின்சாரக் கார் அப்படி அடங்காது. பற்றரியின் சூட்டைப் பார்க்கும், திறப்பு கிட்ட வருகிறதா என்று கவனிக்கும், போனில் இருந்து ஏதாவது கட்டளை வருமா என்று காத்திருக்கும். இதற்கெல்லாம் மின்சாரம் தேவை. கணக்கு அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் பழைய நிசான் லீஃபுகளோடு புதிய பிவைடிகளும் ஓடுகின்றன. இரண்டும் மின்சாரக் கார்தான், ஆனால் நிறுத்தி வைக்கும்போது இரண்டின் குணமும் வேறு. அதோடு நம்முடைய ஊரில் கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் கூட. கொழும்புக்குப் போகிறவர் 400 கிலோமீற்றர் தூரத்துக்குக் காரை எடுக்காமல் ரயில் ஏறிவிடுவார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த குடும்பம் கொடியிறங்கியதும் காரைப் போர்ட்டிக்கோவில் விட்டுவிட்டுக் கனடாவுக்குத் திரும்பிவிடும்.

புதியவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய பற்றரியில் குறையும் ஓரிரண்டு வீதத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். உண்மையில் ஆளை நடுத்தெருவில் விடுவது பொனற்றுக்குக் கீழே இருக்கும் சின்னப் பற்றரிதான்.

முதல் படி: இரண்டு பற்றரியையும் தெரிந்துகொள்ளுங்கள்

காரை ஓட்டுவது பெரிய பற்றரி. முதலில் வந்த லீஃபில் அது 24 யூனிற், பிறகு 30, 2017 இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 40. பிவைடி அற்றோ 3 இல் 60 யூனிற் அளவு. மின்சார சபையின் பில்லில் வருகிற அதே யூனிற்தான்.

சின்னது 12 வோல்ற்றுப் பற்றரி. கதவுப் பூட்டு, விளக்கு, காருக்குள் இருக்கும் கணினிகள், திறப்பைத் தேடும் அன்ரனா எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. 45 அம்பியர்-மணிப் பற்றரி என்றால் 12 ஆல் பெருக்க 540 வாற்-மணி வரும், அதாவது அரை யூனிற்றுக்குச் சற்றுக் கூட. இந்த அரை யூனிற்தான் பெரிய பற்றரியைக் காரோடு இணைக்கும் ரிலே என்ற மின் சுவிச்சுகளை இழுத்துப் பிடிக்கிறது. சின்னது இறங்கிவிட்டால், பெரியதில் 90 வீதம் இருந்தாலும் கார் அசையாது. பல கார்களில் சார்ஜ் வயரைக் குத்தினாலும் ஏறாது, ஏனென்றால் சார்ஜ் ஏற்றுவதற்கும் அந்த ரிலே மூட வேண்டும்.

கார் நிற்கும்போது சின்னப் பற்றரிக்குப் பெரியது இடைக்கிடை ஊட்டிவிடும். எப்போது, எவ்வளவு என்பது காருக்குக் கார் வேறு. பழைய லீஃப் சில நாட்களுக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் மட்டும் ஏற்றும். ராத்திரியில் போர்ட்டிக்கோவில் நிற்கும் லீஃபின் கண்ணாடிக்குள்ளே நீல விளக்கு ஒன்று தனியே மினுங்கினால் பயப்பட வேண்டாம், அந்த வேலைதான் நடக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் வோல்ற்று இறங்குவதைப் பார்த்துத் தேவைப்படும்போது ஏற்றுகிற ஏற்பாடு இருக்கிறது. அதனால் காரின் கையேட்டில் 12 வோல்ற்றுப் பற்றரி பற்றிய பகுதியை ஒருதரம் வாசியுங்கள். ஜப்பான் மொழிக் கையேட்டோடு வந்த லீஃப் என்றால், அதே மாடலின் ஆங்கிலக் கையேடு இணையத்தில் கிடைக்கும்.

இரண்டாம் படி: அளந்து பாருங்கள்

அளக்காமல் ஒன்றையும் அணைக்கத் தொடங்க வேண்டாம். ஒரு பின்னேரம் காரை நிறுத்தி, திரையில் காட்டும் வீதத்தைப் போனில் படம் எடுங்கள். பூட்டுங்கள். திறப்பை வீட்டின் மறுபக்கத்தில் வையுங்கள். அடுத்த நாள் பின்னேரம் வரை கதவைத் திறக்காதீர்கள், போனில் இருக்கும் காரின் செயலியையும் திறக்காதீர்கள். பிறகு மறுபடி படம் எடுங்கள். ஒரு இரவை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. திரை முழு எண்ணில்தான் காட்டும், 77.6 ஆக இருந்தது 77.4 ஆனாலும் 78 ஒரேயடியாக 77 ஆகத் தெரியும். சூடு மாறினாலும் கார் போடும் மதிப்பீடு சற்று அசையும். இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

நாளுக்கு 1 வீதம் அல்லது அதற்குக் குறைவாக இறங்கினால் அதை மறந்துவிடுங்கள். ரெஸ்லாவே தன் கார்கள் நிற்கும்போது நாளுக்கு 1 வீதம் அளவு இறங்கலாம் என்றுதான் சொல்கிறது. பழைய லீஃபில் அதுவும் இராது. அதன் பற்றரியைக் குளிர்விக்கப் பம்பு கிடையாது, காற்றுப் பட்டு ஆறுவதுதான். ஓடும்போது அது லீஃபின் பலவீனம், நிற்கும்போது அதுவே சேமிப்பு.

சின்னப் பற்றரியை அளக்க மல்ரிமீற்றர் வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் விற்கிற மலிவானது போதும். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: கதவைத் திறந்தாலே கார் விழித்துவிடும், அப்போது வருகிற எண் பொய். முதல் நாளே பொனற்றின் லொக்கை விடுவித்துவிட்டுக் காரைப் பூட்டுங்கள். காலையில் வேறு எதையும் தொடாமல் பொனற்றைத் தூக்கி இரு முனையிலும் மீற்றரை வையுங்கள். ஈயப் பற்றரி என்றால் 12.6 நிறைவு, 12.4 பரவாயில்லை, 12.2 என்றால் பாதிதான் மிச்சம், 12 க்குக் கீழே போனால் இன்றோ நாளையோ மாட்டப்போகிறீர்கள். 13 க்கு மேலே காட்டினால் அந்த நேரத்தில் பெரியது ஏற்றிக்கொண்டிருக்கலாம். சில புதிய கார்களில் சின்னதும் லித்தியம்தான். அதில் 13 க்கு மேலே நிற்பது வழக்கம், ஈயப் பற்றரியின் எண்கள் அதற்குப் பொருந்தாது.

மூன்றாம் படி: விழித்திருக்க வைப்பது எது என்று தேடுங்கள்

இங்கேதான் வசதியும் செலவும் மோதுகின்றன. கமெராக் காவலில் தொடங்குகிறேன், அதிகம் விழுங்குவது அதுதான். ரெஸ்லாவில் இதற்கு சென்ற்றி மோட் என்று பெயர். வேறு கம்பனிகளும் இதே மாதிரி ஒன்றை வெவ்வேறு பெயரில் தருகின்றன. கமெராக்கள் சுற்றிவரப் பார்த்துக்கொண்டிருக்க, காரின் பெரிய கணினி தூங்காமல் இருக்கும். 300 வாற் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலத்துக்கு 7.2 யூனிற். 60 யூனிற் பற்றரியில் அது நாளுக்கு 12 வீதம். ஓட்டமாகச் சொன்னால், அந்த 7.2 யூனிற்றில் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்து இன்னும் மிச்சம் இருக்கும். பூட்டிய படலைக்கு உள்ளே நிற்கும் காருக்கு இது எதற்கு? பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் விடும்போது போடுங்கள், வீட்டு வளவுக்குள் வந்ததும் அணையுங்கள். வீடு இருக்கும் இடத்தில் தானாக அணையும்படி அமைக்கும் வசதி சில கார்களில் உண்டு.

அடுத்தது, நிற்கும் காரின் உள்பக்கம் அதிகம் சூடேறாமல் பார்க்கும் வசதி. ஐரோப்பாவில் இது கோடையில் சில நாட்கள் ஓடும். இங்கே பங்குனி தொடங்கி ஆவணி வரை மத்தியானம் மத்தியானம் ஓடும். குழந்தைகளோடு அடிக்கடி ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் மாமரத்துக்குக் கீழே விடுவது மேல். காகம் எச்சமிடும், பிசின் விழும், ஆனால் பற்றரிக்கும் அந்த நிழல் நல்லது.

செயலி தனிக்கதை. செயலியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் தூங்கும் கார் எழும்பிப் பதில் சொல்லிவிட்டுத் திரும்ப உறங்கச் சற்று நேரம் எடுக்கும். சொந்தக்காரர் ரொறன்ரோவில், கார் கொக்குவிலில் என்றால் என்ன நடக்கும்? அவர் விடியக் கோப்பி குடிக்கும்போது ஒருதரம், வேலை இடைவேளையில் ஒருதரம், படுக்கப் போகும்போது ஒருதரம் கார் சுகமா என்று பார்ப்பார். அதே கணக்கில் மகனும் மருமகளும் தங்கள் போனில் பார்ப்பார்கள். "சும்மா பாக்கிறதுக்கு என்ன?" என்று தோன்றும். அந்தச் சும்மாவில்தான் சார்ஜ் போகிறது. வாரத்துக்கு ஒருதரம் பார்த்தால் போதும். போன் திரையில் எப்போதும் வீதத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டியையும், காரின் கணக்கில் நுழைந்து பயணக் கணக்குப் பார்க்கும் வெளிச் செயலிகளையும் எடுத்துவிடுங்கள். அவை நீங்கள் பார்க்காத நேரத்திலும் காரைத் தட்டக்கூடும்.

ஜப்பானில் இருந்து வந்த லீஃப் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செயலிக் கவலை இல்லை. அந்தக் காரின் இணைப்புச் சேவை ஜப்பான் சந்தைக்காகச் செய்யப்பட்டது, இங்கே அதற்கு வேலை இல்லை. ஆனால் லீஃப்காரருக்கு வேறு வினை இருக்கிறது, அது நாங்களே பூட்டுவது. பற்றரியின் சுகம் பார்க்க லீஃப் ஸ்பை என்ற போன் செயலி வேண்டும் என்று, காரின் கோளாறு பார்க்கிற ஓபிடி சொக்கற்றில் புளூரூத் குமிழ் ஒன்றைக் குத்திவிட்டு, பிறகு மறந்துவிடுவோம். கார் பூட்டின பிறகும் அந்தச் சொக்கற்றில் மின்சாரம் இருக்கும். குமிழ் தானும் எடுக்கும், சிலது காரின் கணினிகளையும் தூங்க விடாது. பார்த்து முடிந்ததும் கழற்றி டாஷ்போர்ட் பெட்டிக்குள் போடுங்கள்.

டாஷ் கமெராவும் ஜிபிஎஸ் கருவியும் அதே மாதிரி. நிறுத்தின பிறகும் பதிவு செய்யும்படி நேரே 12 வோல்ற்றில் வயர் கொடுத்த கமெரா 0.3 அம்பியர் எடுத்தால், 45 அம்பியர்-மணிப் பற்றரியை அது ஆறு நாளில் வறட்டிவிடும். வயதான பற்றரியில் மூன்று நாளே போதும், சூடு ஈயப் பற்றரியின் ஆயுளைத் தின்றுவிடுகிறது. இப்படிப் பூட்டியிருந்தால், வோல்ற்று ஒரு அளவுக்குக் கீழே போனதும் தானாக வெட்டிவிடுகிற வயர் செற்றைக் கேளுங்கள். எலெக்ட்ரீஷியன் "தேவையில்லை" என்றால் வேறு எலெக்ட்ரீஷியனைப் பாருங்கள்.

திறப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்முடைய வீடுகளில் திறப்புக் கொளுவும் ஆணி வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும், போர்ட்டிக்கோ அந்தச் சுவருக்கு மறுபக்கம். பொக்கற்றில் வைத்தபடி திறக்கிற வகைத் திறப்பு என்றால், சில கார்கள் அது கிட்ட இருப்பதை உணர்ந்துகொண்டே இருக்கும். ஆணியை உள் அறைக்கு மாற்றினால் சரி.

கடைசியாக ரைமர்கள். சார்ஜ் ரைமர், ஏசி ரைமர் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். இரண்டாம் கையாக வாங்கிய காரில் முந்தின ஆள் வைத்த நேரம் இன்னும் கிடக்கலாம்.

ஒவ்வொன்றையும் தனித்தனியே அணைத்து அளந்து பார்த்தால் எது உங்கள் காரில் விழுங்குகிறது என்று பிடித்துவிடலாம். உறவினர் சொல்லும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். கனடாவில் மச்சான் வைத்திருக்கும் காருக்குப் பனிக்காலத்தில் பற்றரியைச் சூடாக்கும் செலவும் உண்டு, இங்கே அது இல்லை.

நான்காம் படி: எத்தனை நாள் நிற்கப்போகிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்

ஒரு இரவு என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

சில நாட்கள் என்றால், உதாரணமாகக் குறிகட்டுவானில் காரை விட்டுவிட்டுப் படகில் நெடுந்தீவுக்குப் போய்த் தங்குகிறீர்கள். இறங்குதுறைக்குப் போகும்போதே திரும்பி வருவதற்கான சார்ஜை எண்ணிக்கொள்ளுங்கள். பட்டணத்துக்கு 30 கிலோமீற்றர் அளவு, வழியில் சார்ஜ் தேடி அலைகிற இடம் அல்ல அது. சுகம் குறைந்த 24 யூனிற் லீஃப் என்றால் பாதிக்கு மேலே வைத்திருப்பது நல்லது. உள்ளே குளிர்விக்கும் வசதியை அணையுங்கள், குமிழைக் கழற்றுங்கள், உள்விளக்குகள் அணைந்திருக்கிறதா என்று கதவைச் சாத்தின பிறகு ஒருதரம் எட்டிப் பாருங்கள். கமெராக் காவல் வேண்டுமா என்பது உங்கள் முடிவு, 12 வீதத்தை நாட்களால் பெருக்கிப் பாருங்கள். ரெஸ்லாவில் பற்றரி 20 வீதத்துக்கு இறங்கியதும் அது தானாக நிற்கும், ஆனால் 20 வீதத்தில் காரை எடுக்க நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

மாதக்கணக்கு என்றால் கதை வேறு. பெரிய பற்றரியை நிறைத்துவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. நிறைந்த பற்றரியும் சூடும் சேர்ந்தால் அது வேகமாக வயதாகும். காலியாக விடுவது அதைவிட மோசம். சார்ஜ் ஏறக்குறைய இல்லாத நிலையில் 14 நாட்களுக்கு மேல் விட வேண்டாம் என்று லீஃபின் கையேடே எச்சரிக்கிறது. பாதி அளவில், 50 ஐச் சுற்றி விடுங்கள்.

சார்ஜ் வயரைக் குத்திவிட்டுப் போகலாமா? ரெஸ்லா குத்திவிடச் சொல்லும். லீஃபில் செய்யாதீர்கள். வயர் குத்தியபடி, ஆனால் சார்ஜ் ஏறாமல் நாட்கணக்கில் நின்ற பழைய லீஃபுகளில் சின்னப் பற்றரி இறங்கிப்போவது பலர் பட்ட அனுபவம். எந்தக் காராக இருந்தாலும் ஆள் இல்லாத வீட்டில், பழைய 15 அம்பியர் உருண்டைப் பிளக்கில், ஐப்பசி கார்த்திகை இடிமழைக்கு மத்தியில் விலையுயர்ந்த சார்ஜரைக் குத்திவிட்டுப் போக எனக்கு மனம் வராது. இடி இடித்தால் ரிவியின் பிளக்கையே கழற்றுகிற ஊர் இது.

அப்புறம் சின்னப் பற்றரி. ஈயப் பற்றரி உள்ள லீஃபில் எதிர்முனை வயரைக் கழற்றிவிடுவதே நல்ல வழி. காரை நிறுத்தி, எல்லாக் கதவையும் சாத்தி, சில நிமிடம் பொறுங்கள், உள்ளே எல்லாம் அடங்கட்டும். 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் கறுப்பு வயரின் நட்டைத் தளர்த்தி, வயரை முனையில் படாதபடி ஒரு துணியால் சுற்றி ஒதுக்கி வையுங்கள். சிவப்பைத் தொட வேண்டாம். ஆனால் அதற்கு முன்பே, திறப்புக் குமிழுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புத் திறப்பை உருவி எடுத்து சாரதி பக்கக் கதவு அதில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வயர் கழற்றின காரில் பொத்தான் வேலை செய்யாது, அந்தச் சின்ன இரும்புத் துண்டுதான் கதவைத் திறக்கும். சின்னதும் லித்தியமாக இருக்கும் புதிய கார்களில் கையேடு சொன்னால் ஒழியக் கழற்ற வேண்டாம்.

கழற்ற விருப்பமில்லை என்றால் வாரம் ஒருதரம் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லிக் காரைப் போடச் சொல்லலாம். அவருக்குச் சரியாக விளங்கப்படுத்துங்கள்: பிரேக்கை மிதித்துக்கொண்டு பொத்தானை அமத்த வேண்டும், திரையில் கார் ஓடத் தயார் என்ற அடையாளம் வர வேண்டும், லீஃபில் அது பச்சைக் கார்ப் படம். அப்போதுதான் பெரியது சின்னதுக்கு ஏற்றும். அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் விடட்டும். பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அமத்தினால் றேடியோ பாடும், திரை எரியும், ஆனால் லீஃபில் எல்லாம் சின்னப் பற்றரியில் இருந்துதான் போகும். உதவி செய்கிறேன் என்று உள்ளே இருந்து பாட்டுக் கேட்டே பற்றரியை இறக்கிவிட்ட தம்பிமார் இருக்கிறார்கள். கதவும் போர்ட்டிக்கோவும் திறந்திருக்கட்டும் என்று புகைக்குப் பயந்து சொல்லத் தேவையில்லை, அது மட்டும் பெற்றோல் காரைவிடச் சுகம்.

ஐந்தாம் படி: வந்து பார்க்கும்போது கார் செத்துக் கிடந்தால்

பொத்தானை அமத்த ஒன்றும் நடக்கவில்லை, அல்லது ரிலேக்கள் டக் டக் என்று அடித்துவிட்டுத் திரை மங்குகிறது என்றால் அது சின்னப் பற்றரிதான். தூக்கும் லொறியைக் கூப்பிடாதீர்கள். இரும்புத் திறப்பால் கதவைத் திறந்து, பொனற்றைத் தூக்கி, பெற்றோல் கார் ஒன்றில் இருந்து ஜம்பர் வயர் கொடுங்கள். மின்சாரக் கார் இழுப்பது கொஞ்சம்தான், கணினிகளை எழுப்பினால் போதும், சின்ன பூஸ்ரர் பெட்டியே காணும். சிவப்புக்குச் சிவப்பு. கறுப்பை உங்கள் காரில் வர்ணம் பூசாத உலோகப் பகுதி ஒன்றில் கொளுவுங்கள். தயார் அடையாளம் வந்ததும் வயரைக் கழற்றி, காரை ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் அப்படியே விடுங்கள். இதையே மறுபக்கமாகச் செய்யக் கூடாது: அயலவரின் வானை ஸ்ரார்ட் பண்ண லீஃபில் இருந்து வயர் கொடுக்காதீர்கள். பெற்றோல் எஞ்சினைச் சுழற்றத் தேவையான மின்சாரத்தைத் தருவதற்கு அது செய்யப்படவில்லை.

ஒருதரம் வறண்ட ஈயப் பற்றரி பழைய நிலைக்கு வருவது அரிது. அடுத்த நாள் காலையில் மீற்றரை வைத்துப் பாருங்கள், 12.2 க்குக் கீழே நின்றால் மாற்றிவிடுங்கள். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், அதே அளவு, முனைகள் அதே பக்கம் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். முனை மாறியதை வாங்கினால் லீஃபின் வயர் எட்டாது, திரும்ப ஒருதரம் கடைக்குப் போக வேண்டிவரும்.